செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்

இப்போதும் எங்காவது ஒரு கந்தோர் வாசலில், உள்ளே கொம்பியூட்டர் இருக்கிறது என்பதற்காகச் சனம் செருப்பைக் கழற்றி விட்டிருப்பதைக் கண்டால் எனக்குத் தலைக்குள் சூடேறும். கோயில் என்றால் சரி. வீடு என்றாலும் சரி. ஒரு பெட்டிக்கு முன்னால் மனிசரை வெறுங்காலோடு நிற்க வைத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நிற்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியா ரவுணில் ஒரு நிவாரணக் கந்தோரில் வேலை செய்தேன். கிளிநொச்சியில் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்த குடும்பம் எங்களுடையது. இடம்பெயர்ந்து வந்து நெளுக்குளத்தில் சொந்தக்காரர் ஒருவரின் வீட்டுப் பின்னறையில் இருந்தோம். ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்ததற்கு ஒரு சான்றிதழ் வைத்திருந்தேன். அந்தக் காலத்து வவுனியாவில் அது தாராளம். முகாம்களில் இருக்கும் குடும்பங்களின் பட்டியலைப் பார்த்து, இன்னார் இன்ன முகாமில் பதிவானவர் என்று உறுதிக் கடிதம் அடித்துக் கொடுப்பது என் வேலை. அந்தக் கடிதம் இல்லாமல் பாஸ் கேட்க முடியாது. பாஸ் இல்லாமல் முகாம் சனம் வவுனியாவைத் தாண்டி ஓர் அடி வைக்க முடியாது. தாய் செத்தாலும் பிள்ளை பிறந்தாலும் முதலில் கடிதம், பிறகு பாஸ், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

கந்தோரில் இரண்டு கொம்பியூட்டர்கள். ஒன்று முன்னறையில் என்னிடம், பிரிண்டரோடு. மற்றது எங்கள் மேலதிகாரியான பணிப்பாளரின் அறையில், ஏசிக்குக் கீழே, பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு இருந்தது. பட்டியல் முழுவதும் அவருடைய கொம்பியூட்டருக்குள். அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் பட்டியல் தன் அறையில்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இரண்டு கொம்பியூட்டருக்கும் நடுவே ஒரு கறுப்பு வயர் போட்டிருந்தார்கள். என் மேசையில் இருந்தபடியே, அந்த வயர் வழியாக, அவருடைய கொம்பியூட்டரில் இருக்கும் பட்டியலைத் திறந்து பெயரைத் தேடி எடுப்பேன்.

ஒழுங்காக வேலை செய்தால் ஒரு பெயரைத் தேட அரை நிமிடம். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்வது தன் விருப்பத்துக்கு. தேடிக்கொண்டிருக்கும்போதே திரையில் மணல்கடிகாரம் வந்து குந்தும். எலியை அசைத்தால் அசையும், மற்றது ஒன்றும் அசையாது. சில நேரம் அரை நிமிடத்தில் ஒன்றும் நடக்காதது மாதிரித் தொடரும். சில நேரம் நீண்டுகொண்டே போய், மற்றக் கொம்பியூட்டரைக் காணவில்லை என்று ஒரு செய்தி வரும். பன்னிரண்டு எட்டு வைத்தால் வருகிற கொம்பியூட்டரைக் காணவில்லையாம். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி, மறுபடி தொடக்கி, அது தன்னைத் தானே சோதித்து முடிக்கும் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். என் முன்னால் இருக்கும் சனம் என் முகத்தைப் பார்க்கும். நான் திரையைப் பார்ப்பேன்.

பணிப்பாளர் முதலில் என்னில்தான் பிழை பிடித்தார். நான் ஏதோ விளையாட்டுப் போட்டு வைத்திருக்கிறேன், பாட்டுக் கேட்கிறேன், வேண்டாததை நோண்டுகிறேன் என்று மூன்று நாள் என் தலைக்கு மேலே நின்று பார்த்தார். அவர் நின்ற மூன்று நாளும் அது நின்று நின்றுதான் வேலை செய்தது. பிறகு கொழும்பில் இருந்து ஒரு இன்ஜினியரை எடுப்பித்தார். அந்தத் தம்பிக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, இரண்டு பேரும் உடைந்த இங்கிலீசில் கதைத்தோம். இரண்டு பெட்டியையும் கழற்றினார், வயர் செருகும் அட்டைகளை மாற்றினார், முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட்டார். வேலை முடிந்தபோது கந்தோர் பூட்டியாயிற்று, சனம் இல்லை. ஒரு மணித்தியாலம் சோதித்தார், ஒரு தரமும் நிற்கவில்லை. பெட்டிக்குள் இருந்து துடைத்த செம்மண் தூசியைத் துணியோடு எடுத்துப் பணிப்பாளருக்குக் காட்டிவிட்டு, இதுதான் காரணம் என்று சொல்லி அடுத்த நாள் பஸ் ஏறினார்.

இவ்வளவும் போதும் எங்கள் பணிப்பாளருக்கு. அடுத்த திங்கட்கிழமை வாசலில் அறிவிப்பு மட்டை தொங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும். எழுதியவள் நான், என் கையெழுத்து வடிவாக இருக்கும் என்பதால். பழைய சின்னக் கால்மிதியை எடுத்துவிட்டுத் தென்னந்தும்பில் பின்னிய பெரிய கால்மிதி ஒன்றை வாசல்படியில் போடுவித்தார். ஒரு ஒழுங்கும் வைத்தார்: ஒருவர் உள்ளே என் மேசைக்கு முன்னால், அடுத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்மிதியில் ஆயத்தமாக, மற்றவர்கள் வெளியே வெயிலில். தூசி உள்ளே வரக் கூடாது. இத்தனை கெடுபிடியும் வெடிச் சத்தத்துக்குள்ளால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த சனத்துக்கு.

அன்றைக்குத் தொடங்கி அது முன்னையிலும் மோசமாக நின்றது.

நான் ஒரு கொப்பியில் நேரம் குறிக்கத் தொடங்கினேன். படித்த இடத்தில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. பழி என் தலையில் விழுந்தபடியால் ஆத்திரத்தில் தொடங்கியது. எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு நேரம், நான் என்ன செய்துகொண்டிருந்தேன், ஏசி ஓடியதா, பிரிண்டர் ஓடியதா. ஏசியை நிறுத்திப் பார்த்தேன், பேச்சு வாங்கினேன். பிரிண்டரைக் கழற்றிப் பார்த்தேன். நாலு கிழமைக் கொப்பியைப் பார்த்தபோது ஒன்று மட்டும் துலக்கமாகத் தெரிந்தது. சனம் வராத வெள்ளி பின்னேரங்களில் ஒரு தரமும் நிற்கவில்லை.

இதைக் கொண்டுபோய்ப் பணிப்பாளரிடம் காட்டினேனே, அதுதான் என் மடைத்தனம். அவர் கொப்பியை மூடித் தந்துவிட்டு, தனக்கு எப்பவோ தெரியும், இந்தச் சனம் கால் வைத்தால் எதுதான் ஓடும் என்றார். நானும் அதே சனம்தான் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தச் சம்பளம் தேவைப்பட்டது.

இப்படியிருக்க ஒரு திங்கட்கிழமை அக்கா ஒருவர் வந்தா. முல்லைத்தீவுக் கரைப்பக்கம், கழுத்தில் செபமாலை, முப்பத்தைந்து வயது இருக்கும். புருசன் கடலோடு போய்விட்டார். விறகு பொறுக்கப் போன இடத்தில் கண்ணிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. பொய்க்காலுக்கும் ஒரு செருப்புப் போட்டு வார்ப்பட்டியை இறுக்கிக் கட்டியிருந்தா. அவவின் எட்டு வயது மகள் வவுனியா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள், நெஞ்சுக்குள் ஓட்டை. கொழும்பில் ஒப்பரேசனுக்குக் கட்டில் கிடைத்திருக்கிறது, வியாழக்கிழமை காலமை அம்புலன்ஸ் போகிறது. பிள்ளைக்குப் பாஸ் ஆஸ்பத்திரியே எடுத்துவிட்டது. தாய்க்குப் பாஸ் தாய்தான் எடுக்க வேண்டும். பாஸ் கந்தோரில் மத்தியானம் பன்னிரண்டு மணி வரைதான் விண்ணப்பம் வாங்குவார்கள், மறுநாள் பின்னேரம் பாஸ் தருவார்கள். அதாவது செவ்வாய்க்கிழமை பன்னிரண்டுக்கு முதல் என் கடிதம் அவவின் கையில் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை கால்மிதியில் நின்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, பொய்க்காலின் வார்ப்பட்டியைக் கழற்றினா. பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கூசியது. கழற்ற வேண்டாம், அப்படியே வாங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன், பணிப்பாளர் பின்னால் நின்றார், வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் கொம்பியூட்டர் நின்றுவிட்டது. நீண்ட நேரம் நின்று, மற்றதைக் காணவில்லை என்றது. நிறுத்தித் தொடக்க வேண்டும். அக்கா, கொஞ்சம் வாசலில நில்லுங்கோ, வந்தோடன கூப்பிடுறன் என்றேன். அவ திரும்பிப் போய்க் கால்மிதியில் நின்றா. கொம்பியூட்டர் வந்தது, பட்டியலைத் திறந்தேன், நின்றது. மறுபடி தொடக்கினேன், நின்றது. அவ அங்கேயே நின்றா. அன்றைக்கு மூன்றரைக்குக் கரண்ட் போனது, நாளைக்கு வரச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு வந்தா. அதே கூத்து. பதினொரு மணிக்கு நான் பணிப்பாளரின் அறைக்குப் போய், பட்டியல் உங்கட கொம்பியூட்டரிலதானே இருக்குது சேர், நான் பார்த்துக் கையால எழுதித் தாறன், நீங்கள் சீல் குத்துங்கோ என்று கேட்டேன். கொம்பியூட்டர்க் கடிதம் என்று அறிவித்தாகிவிட்டது, கையெழுத்துக் கடிதம் கொடுத்தால் கந்தோரின் மதிப்பு என்னாவது என்றார். பிளொப்பியில் எடுத்துக்கொண்டு போய் என் பக்கத்தில் அடிக்கிறேன் என்றேன். பிளொப்பிகள் அலுமாரிக்குள் பூட்டியிருந்தன. யாராவது ஒன்றை வெளியே கொண்டுபோய்ச் சோதனைச்சாவடியில் பிடிபட்டால் யார் பதில் சொல்வது என்று அவருக்குப் பயம். அவசரப்படாதையும் பிள்ளை என்றார். பிறகு எழுந்து முன்னறைக்கு வந்து, கால்மிதியில் நின்ற அந்த அக்காவை மேலிருந்து கீழே பார்த்தார்.

“நீங்கள் வந்தாத்தான் இது நிக்குது. உங்கட ராசி அப்பிடி.”

உள்ளேயும் வெளியேயும் நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். ஒருவர் சிரித்தார். அக்காவின் முகம் செத்துப்போனது. என்னைப் பார்த்து, சன்னமாகச் சொன்னா.

“நாங்கள் வேதக்காரர் பிள்ளை, ராசி பாக்கிறேல்ல. எண்டாலும் நான் அங்கால போய் நிக்கிறன், நீங்கள் அடிச்சுப் பாருங்கோ.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் ஒரு காலும் பொய்க்காலுமாக இறங்கி, சுடுமணலில் நடந்து மதிலோடு போய் நின்றா. அடுத்தவர்களும் அந்தக் கதையைக் கேட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், ஒருவரும் கால்மிதிக்கு வரவில்லை. கொம்பியூட்டரைத் தொடக்கினேன். பட்டியல் திறந்தது. பெயர் வந்தது. கடிதம் அடித்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பணிப்பாளர், பார்த்தீரா என்பது மாதிரி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கடிதத்தைக் கொண்டு ஓடினேன். மணி பன்னிரண்டேகால். அவ சைக்கிளில் வந்த ஒருவரின் பின்னால் ஏறிப் போய்ப் பார்த்தா, கதவு பூட்டியிருந்தது. புதன்கிழமைதான் கொடுக்க முடிந்தது. அப்படியென்றால் பாஸ் வியாழன் பின்னேரம். அம்புலன்ஸ் வியாழன் காலமை.

புதன்கிழமையில் இருந்து பணிப்பாளர் சனத்தை உள்ளே விடவே இல்லை. யன்னல் கம்பிக்கு வெளியே நின்று முகாம் பதிவு அட்டையை நீட்ட வேண்டும். அன்றைக்கு முழுநாளும் கொம்பியூட்டர் ஒரு தரமும் நிற்கவில்லை. அவருக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. கொழும்புக்குக் கோல் எடுத்துச் சொன்னார், தான் கண்டுபிடித்துவிட்டதாக. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், ஏனென்றால் என் கொப்பியும் அவர் சொன்னதைத்தான் சொன்னது. உண்மையிலேயே ராசிதானோ என்று அந்த இரண்டு நாளும் எனக்கே சந்தேகம் வந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தேத்தண்ணி போடுகிற அம்மா தட்டோடு வந்தா. கந்தோர் ஆளானாலும் அவவும் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். ஒரு கையில் தட்டு, மறு கை நிலையில், கால்மிதியில் நின்று ஒரு செருப்பை மற்றக் காலால் தள்ளிக்கொண்டிருந்தா. என் திரையில் மணல்கடிகாரம் வந்தது. அவ உள்ளே வந்து தட்டை வைத்தா. மணல்கடிகாரம் போனது.

அம்மா, திரும்பிப் போய் அதில நில்லுங்கோ என்றேன். எனக்கு விசர் என்று நினைத்திருப்பா, ஆனால் போய் நின்றா. பெரிய பட்டியல் ஒன்றைப் பணிப்பாளரின் கொம்பியூட்டரில் இருந்து என்னுடையதற்கு இழுக்கத் தொடங்கினேன். நின்றது. இறங்கச் சொன்னேன். ஓடியது. ஏறச் சொன்னேன். நின்றது. ஏழு தரம் ஏற்றி இறக்கினேன். ஏழு தரமும் அப்படியே நடந்தது. பிறகு கால்மிதியைத் தூக்கினேன்.

கீழே கறுப்பு வயர் கிடந்தது. இரண்டு துண்டு. நடுவே விரல் நீளத்தில் பித்தளை இணைப்பு ஒன்று. ஒரு பக்கத்து வயர் அதற்குள் இருந்து பாதி வெளியே வந்து, ஆள் மிதித்தால் விலகி, கால் எடுத்தால் தொட்டுக்கொண்டு இருந்தது. பணிப்பாளரின் அறைக்கும் முன்னறைக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர்தான். அதில் ஒரு துளை போட்டால் வயர் நேரே வந்திருக்கும். நான் வேலைக்கு வர முதல் அந்தச் சுவருக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்தார்களாம், துளை போட அவர் விடவில்லையாம். அதனால் வயர் அவருடைய யன்னலால் வெளியே வந்து, விறாந்தை ஓரமாக ஓடி, வாசல்படியால் உள்ளே வந்தது. நீளம் போதாமல் போன இடம் வாசல். ஒட்டுப் போட்டதும் வாசலில். அதை மறைக்கக் கால்மிதி. அதற்கு மேலே சனத்தை நிற்க வைத்தோம், செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒற்றைக் காலில், முழுப்பாரமும் அழுந்த. வேலை தடைப்படத் தடைப்பட அவர்களை இன்னும் அதிக நேரம் அதிலேயே நிற்க வைத்தோம். நான் நிற்க வைத்தேன்.

நேரத்தைப் பார்த்தேன். அம்புலன்ஸ் போய் மூன்று மணித்தியாலம்.

கால்மிதியைக் கையில் தூக்கிக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குள் போனேன், செருப்புக் காலோடு. தும்பில் இருந்த மண் அவருடைய மேசையில் கொட்டியது. வாழ்க்கையில் முதல் தரம் மேலதிகாரி ஒருவரிடம் சத்தம் போட்டேன். சொன்னதெல்லாம் நினைவில்லை. அந்தப் பிள்ளை கொழும்புக்குத் தனியப் போட்டுது சேர், உங்கட சுவருக்கு நோகக்கூடாது எண்டு தனியப் போட்டுது என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அவர் என்னை ஏசவில்லை. வயரை எட்டிப் பார்த்துவிட்டு, சரி, கால்மிதியை அங்காலப் போடுவம் என்றார். அவ்வளவுதான். அந்த அக்காவின் பெயரைக் கூடக் கேட்கவில்லை. மட்டையை நான் கழற்றி எறிந்தேன், அடுத்த நாள் வேறு ஒருவர் எழுதிய மட்டை தொங்கியது.

வெள்ளிக்கிழமை வேலை முடிய முகாமுக்குச் சைக்கிளில் போனேன். அக்கா ஒரு சீலைப்பையில் மகளின் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தா. பாஸ் ஒரு நாள் பிந்தி அன்றைக்குத்தான் கிடைத்தது, விடிய முதல் ரயில். ஒப்பரேசன் வெள்ளி காலமையே முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியால் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறாள். மற்றது ஒன்றும் தெரியாது. தமிழ் தெரிந்த நேர்ஸ் யாராவது இருந்தார்களா, பிள்ளையைத் தியேட்டருக்குள் கொண்டு போகும்போது யார் பக்கத்தில் நின்றார்கள், ஒன்றும் தெரியாது.

நான் மூச்சு விடாமல் சொன்னேன். உங்கட ராசியும் இல்லை ஒண்டும் இல்லை அக்கா. கால்மிதிக்குக் கீழே வயர் இருந்தது, ஒட்டுக் கழன்றிருந்தது, ஆர் ஏறி நிண்டாலும் நிக்கும், தேத்தண்ணி அம்மா நிண்டாலும் நிக்கும், நான் நிண்டாலும் நிக்கும் என்று கையால் நிலத்தில் கீறிக் காட்டினேன். அவ மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டா. முடிய, ஓம் பிள்ளை, ஓம் என்று தலையாட்டினா. கந்தோர் ஆட்கள் எதைச் சொன்னாலும் முகாம் சனம் அப்படித்தான் தலையாட்டும். எனக்கு மனம் லேசானது. உண்மையைச் சொல்லிவிட்டேன், பாரத்தை இறக்கிவிட்டேன் என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்துத் தாயும் மகளும் கந்தோருக்கு வந்தார்கள், மருந்து எடுக்கத் திரும்பக் கொழும்பு போக வேண்டும், இன்னொரு கடிதம். இப்போது கடிதம் அரை நிமிடத்தில் வந்தது. தாய் யன்னலில் இருந்து நாலு எட்டுத் தள்ளி, மதிலோடு நின்றா. கிட்ட வாங்கோ அக்கா என்று கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டு கையை மட்டும் அசைத்தா. மகளைத்தான் அனுப்பினா. மெலிந்த பிள்ளை, மேல் பொத்தானுக்குக் கீழே தழும்பின் நுனி தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி என் கொம்பியூட்டரைப் பார்த்தாள். கொழும்பில பயந்தனீங்களோ என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருகிற மாதிரி, சொன்னாள்.

“அம்மா வயர மிதிச்சுப்போட்டா. அதுதான் என்னோட வரேல்ல.”

கடிதத்தைக் கம்பிக்குள்ளால் நீட்டினேன். அவள் அதை வாங்கிக்கொண்டு தாயிடம் ஓடினாள்.